முப்பத்தேழாவது முளை

சட்டம் சொல்வது இவ்வளவுதான்:
ஊர் அறிந்த மிகப் பெரிய புயலில்
அலை எதுவரை வந்ததோ
அதுவரை கடல்.
அதையொட்டி ஒரு பட்டை நிலம், புதிதாக எதுவும் கட்டக் கூடாது.
அதற்கும் மேலே கட்டலாம்,
கேட்டுவிட்டு.

கலீசியாவின் மேற்கில் கோர்வேரா என்றொரு சின்ன வளைகுடா.
அறுபத்தொரு வீடு, ஒரு மதுக்கடை,
மூடிக் கிடக்கும் மத்தி மீன் ஆலை.
பிப்ரவரி மழையில் போய் இறங்கினேன்,
முக்காலியும் கருவியும்
சிவப்புச் சாயம் தோய்த்த நாற்பது முளைகளுமாக.
நிலத்தை அளக்கத் தெரியும் எனக்கு.
ஞாபகத்தை அளக்க
இலாகா ஒன்றும் கொடுத்தனுப்பவில்லை.

மதுக்கடை எலாடியோவிடம் கேட்டேன்.
"மூணாவது படி வரைக்கும்" என்றார்.
வரைபடத்தை விரித்தேன்.
"ரெண்டாவது படி."
காபி ஆறுவதற்குள்
அலை தெருவுக்கே வராமல் போய்விட்டது.

பழைய கோப்பில் அவர் கையெழுத்து இருந்தது,
காப்பீட்டுக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்த தாள்.
அதில் கடல் கடைக்குள் புகுந்து
குளிர்பெட்டியையே தூக்கிப் போயிருந்தது.
நஷ்டஈடு வரும்போது ஆள் உயரம்,
கோடு வரும்போது கணுக்கால்.
ஒரே கடல்தான்.

ஆலையை வாங்கிய கம்பெனியின் ஆள் விலாமரின்
தோல் உறையிலிருந்து ஒரு ஹோட்டலை உருவி மேசையில் பரப்பினார்.
நாற்பத்திரண்டு அறைகள், எல்லா ஜன்னலிலும் கடல்.
"எழுபது பேருக்கு வேலை. இதையும் குறிச்சுக்குங்க."
குறித்துக்கொண்டேன். பொய்யில்லை அது.
இந்த ஊர்ப் பிள்ளைகள்
ஜூரிச்சில் தட்டு கழுவுகிறார்கள்.

நீர் வற்றிய நேரம்,
முழங்கால் சேற்றில் பெண்கள் குனிந்து
வாருகோலால் மட்டி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.
அவர்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். ஒப்துலியா,
மட்டி அள்ளுவோர் சங்கத்தின் கணக்குப் பிள்ளை.
"நாற்பத்திரண்டு கக்கூஸ் தண்ணியும் எங்க வந்து விழும்?"
நான் வரைபடத்தைப் பார்த்தேன்.
அவள் தன் கால்களைப் பார்த்தாள்.

வீட்டுக்குக் கூட்டிப் போனாள். சமையலறை.
அடுப்பின் கீழ்க்கதவைத் திறந்து காட்டினாள்.
"இதுக்குள்ள ஒரு நண்டு. உயிரோட.
வெள்ளம் வடிஞ்சு மூணாம் நாள்தான் பார்த்தேன்."
குளிர்பெட்டியை நகர்த்தினாள்.
சுவரில் முழங்கால் உயரத்தில்
உப்பு பூத்த ஒரு கறை,
யாரும் திருத்தி எழுதாத சாட்சியம்.

அந்த உயரத்தைக் கருவியில் ஏற்றினேன்.
மத்தி ஆலை முழுசும் கடலுக்குள் போனது.
இந்தச் சமையலறையும்.
சொன்னேன்.
"தெரியும். படுக்கையறை?"
"அது பட்டைக்குள் வருகிறது. தூங்கலாம்.
இடிந்தால் திரும்பக் கட்ட முடியாது."
சிரித்துவிட்டாள்.
"கடல் வீட்டுல சமைச்சு அரசாங்கத்து வீட்டுல தூங்கணும்.
சரி, பேனாவைக் கொடுங்க."

வாசலில் நின்றிருந்தான் அவள் மகன் ப்ரெய்ஷோ.
அந்த நாற்பத்திரண்டு அறைக்கும்
மின்கம்பி இழுக்கப் பேசி முன்பணம் வாங்கியிருந்தவன்.
ஒன்றும் சொல்லவில்லை.
வண்டி கிளம்பிப் போகும் சத்தம்
மேட்டுச் சாலை முடியும்வரை கேட்டது.
அவள் கையெழுத்து
கடைசி எழுத்தில் கொஞ்சம் இழுத்துக்கொண்டது.

இருபது வருஷமாகக் கரை என்று
வரைபடங்களில் எழுதி வருகிறேன், பெயர்ச்சொல் என்று நினைத்து.
அலை அதை
வினைச்சொல்லாகவே வாசிக்கிறது.

தரை ஓட்டில் முளை இறங்கவில்லை.
"சுவர்ல அடிங்க" என்றாள்.
கழுவுதொட்டிக்குப் பக்கத்தில், கறைக்கு நேர் மேலே அடித்தேன்.
முப்பத்தேழு.

இரவில் யாரோ கடற்கரை முளைகளைப் பிடுங்கிவிட்டார்கள்,
முப்பது முதல் முப்பத்தாறு வரை.
எலாடியோவின் நாய் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தது.
விலாமரினின் மேல்முறையீடு
எனக்கு முன்னால் தலைநகர் போய்ச் சேர்ந்திருந்தது.
மறுபடி அளக்க வேண்டும்,
ஓர் அசையாப் புள்ளியிலிருந்து.

கதவைத் தட்டினேன்.
முளை அங்கேயே இருந்தது.
அதில் ஈரக் கைத்துணி ஒன்றைத்
தொங்கவிட்டிருந்தாள்.